நீள்சங்கிலியின் கதை – 6: தூசி தொடாத துளி

சென்ற வாரம் ஆண்ட்ரூ கெல்லரை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். 1957-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். 1948-ல் ஹங்கேரியைவிட்டு வெளியேறி, மான்செஸ்டரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பிறகு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தவர் அவர். கையில் இருந்தது பாலிஎதிலீன். அதைச் சைலீனில் மிகச் சிறிதளவே கரைத்து, அவசரப்படாமல் ஆறவிட்டிருந்தார். திரையில் தெரிந்தவை சாய்சதுர வடிவத்தில் மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தகடும் ஒரு தனிப் படிகம். தகட்டின் கனம் சுமார் 10 நானோமீட்டர். எலக்ட்ரான் சிதறல் படத்தையும் எடுத்துப் பார்த்தார். சங்கிலி மூலக்கூறுகள் தகட்டுக்குள் படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து நின்றன.

இங்கேதான் கணக்கு இடித்தது. பத்தாயிரம் கார்பன் அணுக்கள் கோத்த ஒரு பாலிஎதிலீன் சங்கிலியைப் படிகத்தில் இருப்பதுபோல நேராக நீட்டிப் பிடித்தால் 1,270 நானோமீட்டர் வரும். அவ்வளவு நீளமான ஒன்று 10 நானோமீட்டர் கனத்துக்குள் எப்படி நிமிர்ந்து நிற்க முடியும்?

ஒரே ஒரு வழிதான் உண்டு. மடிய வேண்டும். மேலே போய், தகட்டின் முகத்தைத் தொட்டதும் திரும்பி, கீழே வந்து, அடிமுகத்தைத் தொட்டதும் மறுபடி திரும்பி, இப்படி நூறு முறைக்கு மேல். கெல்லர் அதை அந்த ஆண்டே எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டில் என்பவரும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஃபிஷரும் இதேபோன்ற படிகங்களைத் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார்கள்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஸ்டார்க்ஸ் என்பவர் 1938-லேயே கட்டாபெர்ச்சாப் படலங்களை ஆராய்ந்து, சங்கிலி மடிந்துதான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அந்தக் கட்டுரை நூலக அலமாரியில் கிடந்தது. காலத்துக்கு முன்பே பிறந்துவிட்ட இப்படிப்பட்ட உண்மைகள்மீது எனக்குத் தனிப் பரிவு உண்டு. தவறென்று யாராவது மறுத்திருந்தால்கூட அந்த மனிதருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, ஏன் மடிகிறது? முழுக்க நீட்டிய சங்கிலிகளால் ஆன படிகம்தான் உறுதியானது. மடிப்பு ஒவ்வொன்றும் ஆற்றல் நஷ்டம். வாஷிங்டனில் தேசிய அளவைகள் நிறுவனத்தில் இருந்த லாரிட்ஸனும் ஹாஃப்மனும் 1960-ல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். படிகம் மிக உறுதியான வடிவத்தைத் தேடிப்போவதில்லை, மிக விரைவாக வளரக்கூடிய வடிவத்தையே பிடித்துக்கொள்கிறது. ஆயிரம் நானோமீட்டரையும் நேராக்கி அடுக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. பத்து நானோமீட்டர் நேரானதும் ஒட்டிக்கொள், திரும்பு, அடுத்த தண்டைப் போடு. உருகுநிலைக்கு எவ்வளவு கீழே படிகமாகிறதோ அவ்வளவு மெல்லிய தகடு. அளந்து பார்த்தபோது அப்படியே இருந்தது.

அழகான விளக்கம்தான். ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் ஒரு படிக முகத்தின்மேல் அடுத்த தண்டு எப்படி வந்து ஒட்டுகிறது என்பதைத்தான் சொல்கிறது. ஒட்டுவதற்கு முகமே இல்லாத உருகிய குழம்பில், ஆயிரமாயிரம் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும்போது, முதல் தண்டு எதன்மேல் ஒட்டியது? முதல் மடிப்பு எங்கே விழுந்தது?

அந்த முதல் கணத்தைப் பார்க்கப் போனவர்களுக்குக் குறுக்கே நின்றது தூசி.

★

எந்தத் திரவமும் உறைநிலையைத் தாண்டிய நொடியே உறைந்துவிடுவதில்லை. வெப்பமானிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஃபாரன்ஹீட் 1724-லேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குமிழுக்குள், உறைய வேண்டிய வெப்பநிலைக்கு வெகு கீழேயும் நீர் நீராகவே இருந்தது.

காரணத்தை 1870-களில் வில்லர்ட் கிப்ஸ் எழுதினார். திரவத்தில் சில மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காகச் சேர்கின்றன. சேர்ந்தவற்றுக்கு ஆற்றலில் லாபம். ஆனால் அந்தச் சிறு கூட்டத்தைச் சுற்றி ஒரு புதிய பரப்பு உண்டாகிறது, அதற்குச் செலவு. கூட்டம் சிறிதாக இருக்கும்வரை செலவுதான் பெரிது. எனவே சேர்ந்த வேகத்திலேயே கலைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் லாபம் முந்திக்கொள்ளும். அதன் பிறகு வளர்ச்சிதான். அந்த எல்லையில் நிற்கும் கூட்டத்தையே படிகக்கரு என்கிறோம். குளிர்ச்சி கூடக் கூட எல்லை சிறுக்கும், கரு உண்டாவது எளிதாகும். ஒரு நொடிக்கு எத்தனை கருக்கள் என்று கணக்கிடும் வழியை 1926-ல் வோல்மரும் வெபரும் தொடங்கிவைத்தார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. திரவத்துக்குள் வேறொரு பொருளின் பரப்பு முன்பே இருந்தால், புதிய பரப்புக்கான செலவில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்ளும். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகுக்குள் நூல் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தான். உருகிய பிளாஸ்டிக்குக்குள் யாரும் நூல் கட்டுவதில்லை. ஆனால் வினையூக்கியின் மிச்சம், காற்றில் வந்த தூசி, பாத்திரத்தின் சுவர் என்று ஆயிரம் நூல்கள் அதற்குள் தாமாகவே இருக்கின்றன.

அவை இருப்பதற்குச் சாட்சி நுண்ணோக்கியிலேயே கிடைக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே துளி பாலிப்ரொப்பிலீனை வைத்து 200 டிகிரியில் உருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே அதைப் பாருங்கள். முழு இருட்டு. உருகிய திரவம் அந்த ஒளியைத் திருப்பாது. இப்போது 130 டிகிரிக்கு இறக்கிக் காத்திருங்கள். இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, தள்ளி நாலைந்து. ஒவ்வொன்றும் வட்டமாக விரிகிறது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு கறுப்புச் சிலுவை. கெல்லர் பார்த்ததைப் போன்ற மெல்லிய தகடுகள் ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் கிளைத்து வளர்ந்த கோளப்படிகம் இது. வட்டங்கள் வளர்ந்து வளர்ந்து ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. முட்டிய இடத்தில் எல்லைக்கோடு.

அந்தக் கோட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு கோளங்கள் ஒரே நேரத்தில் பிறந்து ஒரே வேகத்தில் வளர்ந்தால், சந்திக்கும் கோடு நேராக இருக்கும். ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் பிறந்திருந்தால் கோடு வளையும். பெரும்பாலும் கண்ணில் படுவது நேர்கோடு. எல்லாம் ஒரே சமயத்தில் பிறந்திருக்கின்றன. தற்செயலாகச் சேரும் கூட்டங்கள் இப்படிச் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் பிறக்குமா?

இன்னும் ஒன்று. அதே படலத்தை மறுபடி நன்றாகச் சூடேற்றி, பழைய படிகத்தின் சுவடே இல்லாமல் அழித்துவிட்டு, திரும்ப ஆறவிட்டால், பல கோளங்கள் முன்பு முளைத்த அதே இடத்தில் முளைக்கின்றன. உருகிய திரவத்துக்கு அந்த இடம் எப்படி நினைவிருக்கும்? நினைவு திரவத்துக்கு இல்லை. அங்கே ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது.

அதாவது உருகிய பிளாஸ்டிக்கில் படிகம் பிறக்கிறது என்று அதுவரை ஆய்வகங்களில் அளந்ததெல்லாம் பெரும்பாலும் தூசியின் வேலை. வடிகட்டியும் தீராது. ஒரு கன சென்டிமீட்டரில் ஒரே ஒரு தூசி மிஞ்சினாலும் போதும், அதிலிருந்து தொடங்கும் படிகம் மொத்தத்தையும் தின்றுவிடும். தூசியே இல்லாத உருகலை யாராலும் தயாரிக்க முடியாது.

முடியாததைச் செய்யும் வழி, பிளாஸ்டிக்கோடு துளியும் தொடர்பில்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது. மேகத்திலிருந்து.

★

நியூயார்க் மாநிலத்தில் ஷெனக்டடி என்றொரு ஊர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருந்தது. நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூருக்கு அங்கே உதவியாளராக இருந்தவர் வின்சென்ட் ஷேஃபர். உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் வேலைக்கு வந்தவர். மேகத்தில் பனி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்க, வீட்டு உறைபெட்டி ஒன்றின் உட்புறத்தில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, அதற்குள் ஒரு விளக்கொளியைச் செலுத்தி, வாயால் ஊதுவார். மூச்சின் ஈரம் பெட்டிக்குள் சிறு மேகமாக நிற்கும். உறைநிலைக்கு வெகு கீழே இருந்தும் துளிகள் உறையாது. அதையும் இதையும் தூவிப் பார்த்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1946 ஜூலை. வெயில் காலம். பெட்டி போதுமான அளவு குளிராமல் போகவே, குளிர்ச்சியைக் கூட்டலாம் என்று உலர்பனிக் கட்டி ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டார். அடுத்த கணம் ஒளிக்கற்றை முழுக்கப் பொடிப்பொடியாக மின்னியது. லட்சக்கணக்கான பனிப் படிகங்கள். உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. மைனஸ் 40-ஐ நெருங்கும்போது நீர்த்துளிக்குத் தூசியின் தயவு தேவையில்லை, தானாகவே உறைந்துவிடும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

அதே ஆய்வகத்தில் பெர்னார்ட் வானகட் இருந்தார். அவர் இதே பிரச்சினையை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்தார். பனிக்கட்டியின் அணு அடுக்கை ஒத்த அடுக்கு வேறு எந்தப் பொருளுக்கு இருக்கிறது என்று படிக அட்டவணைகளைப் புரட்டினார். வெள்ளி அயோடைடு அகப்பட்டது. முதலில் கிடைத்த மாதிரி சரியாக வேலை செய்யவில்லை, அதில் கலப்படம். தூய்மையான வெள்ளி அயோடைடின் புகை பட்டதும் மேகம் பனியாயிற்று. இன்றும் செயற்கை மழைக்காக மேகத்தில் தூவுவது அதைத்தான்.

மேகம் ஒரு பாடத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீர் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலே உறைந்துவிடும்போது, மேகத் துளி மட்டும் ஏன் மைனஸ் 40 வரை தாங்குகிறது? ஏனென்றால் மேகம் துளிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு துளியில் இருக்கும் தூசி அந்த ஒரு துளியை மட்டுமே கெடுக்கும். பக்கத்துத் துளிக்கு அதனால் தாவ முடியாது.

இதை ஒரு ஆய்வுமுறையாக மாற்றி, உருகிய வெள்ளீயத்தைப் பொடித் துளிகளாக்கி உறைவைக் கணக்கெடுத்தார் வானகட். 1948-ல் வெளிவந்தது. கணக்கைப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் திரவத்தில் பத்து லட்சம் தூசிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 5 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் 1,500 கோடித் துளிகள் கிடைக்கும். பதினைந்தாயிரம் துளிகளுக்கு ஒன்றில்தான் தூசி. மற்றவை எல்லாம் சுத்தம். தூசியை நீக்க வேண்டாம், அதை ஒதுக்கிவைத்தால் போதும். இந்த நூற்றாண்டுக் கதையில் நான் மிகவும் வியக்கும் உத்தி இதுதான். எந்தக் கருவியும் செய்ய முடியாத சுத்திகரிப்பை வெறும் எண்ணிக்கை செய்துவிடுகிறது.

அதே ஷெனக்டடியில் 1946-ல் வேலைக்குச் சேர்ந்திருந்த டேவிட் டர்ன்புல் இந்த உத்தியைத் தன் வாழ்நாள் கருவியாக ஆக்கிக்கொண்டார். சில டிகிரி குளிர்ந்தாலே உறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்த உலோகங்களை எடுத்துக்கொண்டார். 1950-ல் அவரும் செக் என்பவரும் நுண்ணோக்கியின் கீழ் உலோகத் துளிகளைக் குளிர வைத்தார்கள். நிக்கல் துளி தன் உருகுநிலைக்கு 319 டிகிரி கீழே வரை திரவமாகவே நின்றது. திரவத்துக்குள் படிக ஒழுங்கு பாதி ஒளிந்தே இருக்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி.

1952-ல் இந்த அதிர்ச்சிக்கு விளக்கம் சொன்னவர் சார்லஸ் ஃபிராங்க். ஓர் அணுவைச் சுற்றி இருபது முக வடிவில் பன்னிரண்டு அணுக்கள் நெருங்கி உட்காரலாம், அந்த அமைப்பு உறுதியானது, ஆனால் அதை அடுக்கிப் படிகம் கட்ட முடியாது. திரவம் அந்த உறுதியில் மாட்டிக்கொண்டு உறையாமல் நிற்கிறது என்றார். ஃபிராங்க் எந்த ஊர்க்காரர் தெரியுமா? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர். சில ஆண்டுகள் கழித்து ஹங்கேரியிலிருந்து வந்த ஓர் இளைஞரைத் தன் துறையில் அரவணைத்துக்கொண்டவர். கெல்லர்.

பிரிஸ்டலில் மடிந்த சங்கிலி. ஷெனக்டடியில் தூசி தொடாத துளி. இரண்டும் சந்திக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

★

டர்ன்புல்லும் ராபர்ட் கார்மியாவும் நேரடியாகப் பாலிஎதிலீனுக்குப் போய்விடவில்லை. முதலில் அதன் சின்ன உறவினர்களை எடுத்தார்கள். பாரஃபின் மெழுகு இனம். பாலிஎதிலீன் எந்தக் கண்ணிகளால் ஆனதோ அதே கண்ணிகள், ஆனால் பதினாறு, பதினெட்டு, இருபத்துநான்கு கார்பனோடு முடிந்துவிடும் குட்டைச் சங்கிலிகள். 1961-ல் முடிவு வந்தது. தூசியற்ற துளிகளிலும் இந்தக் குட்டைச் சங்கிலிகள் பதினைந்து டிகிரிக்குள் உறைந்துவிட்டன. நூற்றுக்கணக்கான டிகிரி தாக்குப்பிடித்த உலோகங்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அடுத்து நீள்சங்கிலி. கார்மியா, பிரைஸ், டர்ன்புல் மூவரும் பாலிஎதிலீனை மைக்ரான் அளவுத் துளிகளாக்கிக் குளிர வைத்தார்கள். சாதாரணப் பாலிஎதிலீன் உருகல் 120 டிகிரியை ஒட்டியே படிகமாகத் தொடங்கிவிடும். துளிகளில் ஒரு சிறு பங்கு அப்படித்தான் செய்தது. அவை தூசி விழுந்த துளிகள். மற்றவை அசையவில்லை. 110 கடந்தது. 100 கடந்தது. 90 கடந்தது. அப்போதும் திரவம்தான். 85 டிகிரிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பெரும்பாலான துளிகள் உறைய ஆரம்பித்தன. குறையற்ற முழுப் படிகத்தின் உருகுநிலையிலிருந்து எண்ணினால் 55 டிகிரிக்கும் மேல் கீழே. 1962-ல் இந்த முடிவு அச்சில் வந்தது.

ஒரே கண்ணி. கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. படிகத்துக்குள் அடுக்கப்படும் விதமும் ஏறத்தாழ ஒன்றே. குட்டைச் சங்கிலிக்குப் பதினைந்து டிகிரிக்குள் முடிகிற காரியத்துக்கு நீள்சங்கிலி அதைப்போல நான்கு மடங்கு குளிர வேண்டியிருக்கிறது. ஏன்?

பின்னிக் கிடப்பதால் தாமதம் என்று உடனே சொல்லத் தோன்றும். அது முழுப் பதில் ஆகாது. தூசி இருந்தால் இதே சங்கிலிகள், இதே பின்னலோடு, 120-லேயே வரிசைக்கு வந்துவிடுகின்றனவே. நகர முடியாததல்ல பிரச்சினை. தொடங்குவதற்கான விலை அதிகம்.

விலை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கெல்லரின் தகட்டுக்குத் திரும்ப வேண்டும். குட்டைச் சங்கிலி படிகத்துக்குள் நேராக நிற்கும்; அதன் இரு நுனிகளும் படிகத்தின் முகத்தில் அழகாக முடிந்துவிடும். அந்தப் பரப்புக்குச் செலவு குறைவு. நீள்சங்கிலிக்கு நுனி அங்கே இல்லை. 10 நானோமீட்டர் நேராக நின்றபின் சங்கிலி படிகத்தைவிட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். வெளியே வந்தது அப்படியே திரவத்துக்குள் அலையலாம் என்றால் இடம் போதாது. படிகத்துக்குள் மிக நெருக்கமாக நிற்கும் சங்கிலிகள் எல்லாம் ஒரே முகத்தின் வழியாக வெளியேறினால் நெரிசல். இந்த நெரிசலை வற்புறுத்திச் சொன்னவரும் ஃபிராங்க்தான். ஆகவே பெரும்பகுதி திரும்பி உள்ளே போக வேண்டும். கார்பன் முதுகெலும்பை அப்படித் திருகி வளைக்க ஆற்றல் வேண்டும்.

தகடுகளின் வளர்ச்சியையும் உருகுநிலையையும் வைத்துக் கணக்கிட்டபோது, மடிப்புகள் இருக்கும் முகத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 மில்லிஜூல் செலவு என்று வந்தது. பக்கவாட்டு முகத்துக்கோ 12-ஐ ஒட்டித்தான். ஏழு மடங்கு வித்தியாசம். இந்த எண்களைக் கிப்ஸின் கணக்கில் போட்டு, 55 டிகிரிக் குளிர்ச்சியில் கரு எந்த அளவில் இருக்கும் என்று நானும் கணக்கிட்டுப் பார்த்தேன். உயரம் சுமார் 10 நானோமீட்டர், குறுக்களவு ஒன்றேகால் நானோமீட்டருக்குச் சற்று மேல். நேராக நிற்கும் தண்டுகள் ஏழு. அவ்வளவுதான் கரு.

ஏழு தண்டு, தண்டுக்கு எண்பது கார்பனுக்குள். மொத்தம் 550 கார்பன் அணுக்கள். பத்தாயிரம் கார்பனுள்ள ஒரே சங்கிலியில் இருபதில் ஒரு பங்கு. இதை எழுதும்போது எனக்குச் சிலிர்ப்பு தட்டுகிறது. நீரிலும் உலோகத்திலும் கரு என்பது பல மூலக்கூறுகள், பல அணுக்கள் கூடும் கூட்டம். இங்கே கரு ஒரு மூலக்கூறைவிடச் சிறியது. ஒரு சங்கிலி தன் உடம்பில் ஒரு சிறு பகுதியை ஆறு முறை மடித்தாலே படிகம் பிறந்துவிடலாம். அல்லது ஏழு வெவ்வேறு சங்கிலிகள் அருகருகே நேராக நின்றும் பிறக்கலாம். எது நடக்கிறது என்று துளியின் வெப்பநிலை சொல்லாது. அதைப் பற்றி பால் ஃபிளோரிக்கும் மடிப்புக் கட்சிக்கும் மூண்ட சண்டைக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

தொழிற்சாலைகள் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை. தொடங்கும் விலை அதிகம் என்றால் விலையைக் குறைக்கும் பொருளைக் கலந்துவிடலாமே. வானகட் மேகத்துக்குச் செய்ததைப் பிளாஸ்டிக்குக்குச் செய்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஷெல் நிறுவன ஆய்வகத்தில் பின்ஸ்பெர்கன் ஏறத்தாழ 2,000 பொருள்களை ஒவ்வொன்றாகக் கலந்து சோதித்தார். ஊறுகாயில் போடும் பதனப்பொருளான சோடியம் பென்சோவேட் நல்ல கருவூட்டி என்று தெரிந்தது. கருவூட்டி கலந்தால் கோளப்படிகங்கள் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுக்கின்றன. அச்சிலிருந்து பொருளைச் சீக்கிரம் எடுக்கலாம். பாலிப்ரொப்பிலீன் டப்பா பால்போல மங்கலாக இல்லாமல் உள்ளே இருப்பது தெரியும்படி தெளிவதும் இந்த வழியில்தான். இவ்வளவு காலம் ஆய்வாளர்களை ஏமாற்றிய தூசியை இப்போது எடைபோட்டு விலைக்கு விற்கிறார்கள்.

★

எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது போலத் தோன்றுகிறதல்லவா? பொருந்தாத ஒன்றை இனியும் மறைக்கக் கூடாது.

குட்டைச் சங்கிலிகள் அவ்வளவு எளிதாக உறைந்ததற்குப் பரப்புச் செலவு குறைவு என்று சொன்னேன். ஏன் குறைவு என்பதில் ஒரு ரகசியம் இருந்தது. அது வெளிவர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1999-ல் சிரோட்டா, ஹெர்ஹோல்ட் என்ற இருவர் இந்த மெழுகுகள் உறையும் கணத்தை எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். திரவத்திலிருந்து அவை நேராகப் படிகத்துக்குப் போகவில்லை. நடுவில் சங்கிலிகள் வரிசையில் நின்றபடியே தம் நீள அச்சைச் சுற்றித் திரும்பித் தடுமாறும் ஓர் இடைநிலைக்குப் போய், அங்கே ஒரு கணம் தங்கி, பிறகே உண்மையான படிகமாயின. கருவாகப் பிறந்தது படிகமே அல்ல, அந்த இடைநிலை.

அப்படியானால் நீள்சங்கிலி? கிப்ஸின் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. கரு பிறக்கும்வரை திரவம் வெறும் திரவம், பிறந்த கணமே அது முழுப் படிகம், நடுவில் எதுவும் இல்லை.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இமாய், காஜி, கனாயா ஆகியோர் அந்த நடுவையே அளக்கப் போனார்கள். எடுத்துக்கொண்டது பெட், குளிர்பானப் பாட்டிலின் பிளாஸ்டிக். படிகமாக நேரம் தராமல் சட்டென்று குளிரவைத்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்த மாதிரியை, சங்கிலிகள் அசையத் தொடங்கும் வெப்பநிலைக்குச் சற்று மேலே, சுமார் 80 டிகிரியில் வைத்தார்கள். அங்கே படிகமாவது மெதுவாக நடக்கும், பார்க்க அவகாசம் இருக்கும். எக்ஸ் கதிர்களை இரண்டு விதமாக அளந்தார்கள். அகன்ற கோணத்தில் சிதறுவது அணுக்களின் ஒழுங்கைக் காட்டும், படிகம் பிறந்தால் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். குறுகிய கோணத்தில் சிதறுவது பல நானோமீட்டர் அளவிலான அடர்த்தி வேறுபாட்டைக் காட்டும்.

அகன்ற கோணம் ஒன்றும் சொல்லவில்லை. படிகத்தின் அறிகுறியே இல்லை. ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்துக்குள்ளேயே குறுகிய கோணத்தில் ஒரு முகடு எழுந்தது. எழுந்து, நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்தது. படிகம் இன்னும் பிறக்காத உருகலுக்குள், ஏதோ ஒன்று தன்னை இரண்டு விதமான பகுதிகளாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது.

பாதி உலகம் அதை நம்ப மறுத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய படிகங்கள் முன்பே அங்கே இருந்திருக்கும், உங்கள் கருவிதான் பார்க்கவில்லை என்றார்கள். தீர்ப்புச் சொல்ல ஒரே வழி, சங்கிலிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்வது. எந்த நுண்ணோக்கியாலும் முடியாத அந்த வேலையைக் கணினியில் செய்து பார்க்கத் துணிந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன முருகப்பன் முத்துக்குமார். துளிச் சோதனையின் மூவரில் ஒருவரான பிரைஸ் பின்னாளில் போய்ச் சேர்ந்த அதே ஆம்ஹெர்ஸ்ட் நகரத்து மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில்தான் அவரும் இருந்தார்.

1998-ல் அவரும் சாங் லியூவும் கணினிக்குள் ஒரு நீள்சங்கிலியைத் திடீரென்று குளிர வைத்தார்கள். கரு முளைத்தது. சங்கிலியின் இருபதில் ஒரு பங்கே கருவுக்குப் போதும் என்று மேலே பார்த்தோம், மீதிச் சங்கிலி என்ன செய்துகொண்டிருந்தது? சற்றுத் தள்ளி, அதே சங்கிலியில், இரண்டாவது கருவும் முளைத்தது. பிறகு மூன்றாவது. இரண்டு கருக்களும் வளர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பதோ ஒரே ஒரு இழை. இரண்டும் அதைத் தம் பக்கம் இழுக்கத் தொடங்கின.

(தொடரும்)